பெயின்ட்பால் டேங்க் வாங்குமுன் காற்று எங்கே கிடைக்கும் என்று பாருங்கள்

சாயக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் சுட்டு விளையாடும் பெயின்ட்பால் துப்பாக்கிக்குக் காற்று டேங்க் வாங்கப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "எங்கே காற்றடிக்கப் போகிறாய்?" என்றுதான். எந்தக் கம்பெனி, எத்தனை தடவை சுடலாம், என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரிதான். தெரியாமல் வாங்கிய நல்ல நல்ல டேங்குகள் அலமாரியில் காலியாகக் கிடப்பதைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நிறையப் பார்த்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. டர்பன் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலை. அழுத்தக் காற்றும் சிலிண்டரும் தினமும் கையில் புழங்குகிற சாமான்கள். அக்கா வீடு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில். அக்கா மகனும் அவனோடு கோயில் வேலைகளுக்கு வரும் பையன்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெயின்ட்பால் விளையாடப் போவார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த அந்தப் பையன்களுக்குப் பேச்சு முழுக்க ஆங்கிலம்தான், ஆனாலும் அக்கா மகனைப் பார்த்து அவர்களும் என்னை "மாமா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாடகைத் துப்பாக்கியில் ஆரம்பித்து, ஒவ்வொருவராகச் சொந்தமாக வாங்க ஆரம்பித்தபோது டேங்க் விஷயம் என்னிடம் வந்தது. அப்படியே நானும் களத்தில் இறங்கிவிட்டேன்.

அக்காவுக்கு முதலில் ஒரே பயம். "தம்பி, இது துப்பாக்கி லைசென்ஸ் விவகாரமா ஆயிடாதே?" என்று கேட்டாள். ஆகாது. தென்னாப்பிரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், பெயின்ட்பால் துப்பாக்கியைத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் அவளிடம் சொன்னது இதுதான்: "அக்கா, கவனிக்க வேண்டியது துப்பாக்கியை இல்ல, அதுக்குப் பின்னால மாட்டுற டேங்கைத்தான்." கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 32 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற அளவு). இந்தச் சின்ன டேங்கில் இருப்பது 3000 அல்லது 4500 பி.எஸ்.ஐ.

டேங்கின் மேல் இரண்டு எண்கள் சேர்ந்து வரும். 48/3000 என்றால் உள்ளே 48 கன அங்குல இடம், அதில் 3000 பி.எஸ்.ஐ. வரை காற்று ஏற்றலாம் என்று பொருள். நம் அளவில் அது கிட்டத்தட்ட 0.8 லிட்டர், 207 பார். 68/4500 என்றால் 1.1 லிட்டர், 310 பார். 3000 டேங்குகள் பெரும்பாலும் அலுமினியம். 4500 டேங்குகள் உள்ளே மெல்லிய உலோகக் கூடு, வெளியே கார்பன் நார் சுற்றியவை. பெரிதாக இருந்தும் கார்பன் டேங்க் எடை குறைவு, விலை அதிகம்.

எத்தனை தடவை சுடலாம் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டு எண்களையும் பெருக்கி 300-ஆல் வகுத்தால் தோராயமான விடை வரும். 48/3000-க்கு 480. 68/4500-க்கு ஆயிரத்துச் சொச்சம். 13/3000 என்ற குட்டி டேங்குக்கு 130. துப்பாக்கிக்குத் துப்பாக்கி இது மாறும். காற்றை நிறையக் குடிக்கும் பழைய மெக்கானிக்கல் துப்பாக்கியில் குறையும், சிக்கனமான எலக்ட்ரானிக் துப்பாக்கியில் கூடும். துப்பாக்கி மேல் மாட்டும் ஹாப்பரில் ஏறக்குறைய 200 குண்டுகள் கொள்ளும். அப்படியானால் 48/3000 உங்களுக்கு இரண்டு ஹாப்பருக்கு மேல் தாங்கும். காட்டுக்குள் ஒளிந்து நிதானமாக விளையாடுபவர்களுக்கு ஒரு ஆட்டத்துக்கு இது தாராளம்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் டேங்க் முழுக்க நிரம்பினால்தான். அது நிரம்புமா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டர்பன் பக்கம் காற்று கிடைக்க மூன்று வழிகள். ஒன்று, விளையாடும் மைதானத்திலேயே கம்பிரஸர் இருக்க வேண்டும். இரண்டு, கடலில் முங்குபவர்களுக்குச் சிலிண்டர் நிரப்பித் தரும் டைவிங் கடைகள். மூன்று, சொந்தமாக ஒரு டைவிங் சிலிண்டர் வாங்கி அதிலிருந்து பிடித்துக்கொள்வது. மைதானங்களில் முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். "காற்று இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "எத்தனை பி.எஸ்.ஐ. வரை ஏற்றுவீர்கள்?" என்று கேட்க வேண்டும். சில இடங்களில் கம்பிரஸர் இருக்காது, பெரிய சிலிண்டர்களை வரிசையாக வைத்து அதிலிருந்துதான் கொடுப்பார்கள். காலையில் முதலில் போகிறவனுக்கு 3000 கிடைக்கும், மத்தியானம் போகிறவனுக்கு 2000 கிடைத்தால் அதிர்ஷ்டம்.

டர்பனிலிருந்து தெற்கே 50 கிலோமீட்டர் போனால் உம்கோமாஸ். அலிவால் ஷோல் என்ற கடலடிப் பாறைத்திட்டில் சுறா பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிற ஊர். அதனால் அங்கே டைவிங் கடைகளுக்குக் குறைவில்லை. மனிதர்கள் மூச்சுவிடுவதற்கான காற்று என்பதால் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் வடிகட்டித்தான் ஏற்றுவார்கள். டேங்குக்கு இதைவிட நல்ல காற்று கிடையாது. ஆனால் டைவிங் சிலிண்டர்களில் பெரும்பாலானவை 200 அல்லது 232 பார் அளவு கொண்டவை. 232 பார் என்பது 3365 பி.எஸ்.ஐ.தான். அதாவது 4500 டேங்கோடு போனாலும் அந்தச் சிலிண்டரிலிருந்து முக்கால்வாசிதான் ஏறும். எல்லாக் கடைக்காரர்களும் பெயின்ட்பால் டேங்கைத் தொட மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் மேல் தப்பில்லை. தங்களுக்குப் பழக்கமில்லாத டேங்கில் இத்தனை அழுத்தம் ஏற்ற யாருக்கும் யோசனை வரத்தான் செய்யும்.

எங்கள் பையன்களுக்கு நான் சொன்னது மூன்றாவது வழியை. நாலைந்து பேர் சேர்ந்து காசு போட்டு 12 லிட்டர் டைவிங் சிலிண்டர் ஒன்று வாங்குவது. கடைக்காரர் அதைச் சந்தேகமில்லாமல் நிரப்பித் தருவார். மைதானத்துக்கு அதைக் கொண்டுபோய் அவரவர் டேங்கில் பிடித்துக்கொள்ளலாம். 2022, 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இந்த யோசனையின் அருமை தெரிந்தது. கரன்ட் இல்லாத நேரத்தில் எந்தக் கம்பிரஸரும் ஓடாது. ஆட்டத்துக்கு முந்தைய வாரமே நிரப்பி வைத்த சிலிண்டர் எங்கள் கையில் இருந்தது.

இதில் ஒரு கணக்கு புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றம் வரும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் இருக்கிறது. 0.8 லிட்டர் காலி டேங்கை அதில் இணைத்தால், இரண்டிலும் அழுத்தம் சமமாகும் வரை காற்று பாயும். முதல் டேங்குக்கு 188 பார் கிடைக்கும். இரண்டாவதற்கு 176. மூன்றாவதற்கு 165. நான்காவதற்கு 155, அதாவது 2250 பி.எஸ்.ஐ. சிலிண்டரில் இன்னும் ஏராளமாகக் காற்று இருக்கும், ஆனால் டேங்கில் ஏறாது. 1.1 லிட்டர் டேங்குகளாக இருந்தால் இந்த இறக்கம் இன்னும் வேகம்: 183, 168, 153. அதனால் இரண்டு சிலிண்டர் இருந்தால், முதலில் அழுத்தம் குறைந்ததிலிருந்து பிடியுங்கள். அது நின்ற பிறகு நிறைந்ததற்கு மாற்றுங்கள். நிறைந்த சிலிண்டரின் முழு அழுத்தமும் கடைசி ஏற்றத்துக்கு மட்டும் செலவாகும், நாள் முழுக்கத் தாங்கும்.

சிலிண்டரையும் டேங்கையும் இணைக்கும் குழாய்க்கு டைவிங் கடையை நம்பி இருக்காதீர்கள், சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முனை டைவிங் வால்வுக்கு, மறு முனை டேங்கில் காற்று ஏற்றும் சின்ன முனையான ஃபில் நிப்பிளுக்கு. டைவிங் வால்வில் கவ்விப் பிடிக்கும் வகை, திருகி ஏற்றும் டின் (DIN) வகை என்று இரண்டு உண்டு. டின்னிலும் 200 பார், 300 பார் என்று இருக்கிறது. 300 பார் டின் இணைப்பியாக வாங்கினால் இரண்டு டின் வால்வுகளிலும் உட்காரும். 200 பார் இணைப்பி 300 வால்வில் சரியாக அடையாது. காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு இல்லாத குழாயை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நிரப்பி முடித்ததும் சிலிண்டரை மூடி, அந்தத் திருகைத் திறந்து குழாயில் நிற்கும் காற்றை வெளியே விட்ட பிறகுதான் டேங்கைக் கழற்ற வேண்டும்.

இதெல்லாம் எதற்கு, கார்பன் டை ஆக்சைடு டேங்க் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. 1981 ஜூன் மாதம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த முதல் பெயின்ட்பால் ஆட்டமே 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியில்தான் நடந்தது. குறை சொல்ல முடியாத பழைய முறை. ஆனால் அது உள்ளே திரவமாக இருக்கிறது. 21 டிகிரியில் ஏறக்குறைய 850 பி.எஸ்.ஐ. கொடுக்கும். குளிர்ந்தால் இறங்கும், சூடேறினால் ஏறும். குளிர்காலத்தில், டர்பனிலிருந்து உள்நாட்டுப் பக்கம் இருக்கும் மேட்டுப் பகுதியான மிட்லேண்ட்ஸில் காலையில் பனி உறைந்து கிடக்கிறது. பூஜ்ஜியம் டிகிரியில் அதே டேங்க் 500 பி.எஸ்.ஐ.தான் தரும். டர்பனில் ஜனவரிக் கோடை வெயிலில் நிலைமை நேர் எதிர். குண்டின் வேகம் விநாடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது என்பது பரவலான விதி, 280-க்கு வைத்துக்கொள்வது நல்லது. காலையில் சரிபார்த்த வேகம் மத்தியான வெயிலில் கூடிவிடும் என்றால் எதிரில் நிற்கும் பையனின் நிலை என்ன? வேகமாகத் தொடர்ந்து சுட்டால் திரவமே துப்பாக்கிக்குள் வந்து எலக்ட்ரானிக் வால்வுகளையும் கெடுக்கும். அழுத்தக் காற்றில் டேங்கின் வாயில் இருக்கும் ரெகுலேட்டர் கடைசி வரை ஒரே அழுத்தத்தைக் கொடுப்பதால் இந்தத் தொல்லை இல்லை. எங்கள் கூட்டத்தில் எல்லோரும் காற்றுக்கு மாறியதற்கு இதுதான் காரணம். மாறிய அன்றே வேகத்தை மறுபடி அளந்து பார்த்துவிட வேண்டும்.

ரெகுலேட்டர் என்றதும் இன்னொன்று. டேங்குக்குள் 3000 இருந்தாலும் துப்பாக்கிக்கு அது அப்படியே போவதில்லை. ரெகுலேட்டர் அதைக் குறைத்து அனுப்புகிறது. அந்த வெளியேறும் அழுத்தம் இரண்டு வகை: 800-850 பி.எஸ்.ஐ. ஒன்று, 450 சுற்றுவட்டாரத்தில் இன்னொன்று. பையன்களில் ஒருவனிடம் டிப்மேன் 98 கஸ்டம் என்ற மெக்கானிக்கல் துப்பாக்கி இருக்கிறது. அந்த மாதிரித் துப்பாக்கிக்கு உயர் அழுத்தம் வேண்டும். யாரோ கொடுத்த குறைந்த அழுத்த டேங்கை மாட்டிப் பார்த்தான், துப்பாக்கிக்குள் இருக்கும் சுத்தியல் பின்னால் போய்ப் பிடிக்காமல் கடகடவென்று ஆடியது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கவலையோடு கொண்டுவந்தான். டேங்கை மாற்றியதும் ஓடியது. பழைய மெக்கானிக்கல் துப்பாக்கி என்றால் 800-850 வகை, எலக்ட்ரானிக் என்றால் அதன் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அது. நிஞ்சா போன்ற சில கம்பெனிகளின் ரெகுலேட்டர்களில் உள்ளே இருக்கும் மெல்லிய வளையங்களைக் கூட்டிக் குறைத்து வெளியேறும் அழுத்தத்தை மாற்றலாம். ஒரே டேங்கை இரண்டு துப்பாக்கிகளுக்கு வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு அது வசதி. வளையத்தை மாற்றும் வேலையை டேங்க் காலியாக இருக்கும்போது, தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கடையில் துப்பாக்கியோடு மாட்டி, தோளில் வைத்து, குறிபார்த்துப் பாருங்கள். கை நீளத்துக்கு எது பொருந்துகிறதோ அதுதான் சரி. உயரம் குறைந்த பையனுக்கு 77 கன அங்குலம் தூக்கி வைத்தால் சாயங்காலத்துக்குள் தோள் விழுந்துவிடும்.

நான் ரொம்பப் பிடிவாதமாக இருப்பது தேதி விஷயத்தில். ஒவ்வொரு டேங்கிலும் பரிசோதனை செய்த மாதமும் வருடமும் இருக்கும். அலுமினியத்தில் கழுத்துக்குக் கீழே தட்டியிருப்பார்கள், கார்பனில் மேல்பூச்சுக்கு அடியில் லேபிளாகத் தெரியும். தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி, டேங்க் எவ்வளவு விரிகிறது என்று பார்க்கும் சோதனை அது. அமெரிக்க விதிப்படி பொதுவாக 5 வருடத்துக்கு ஒருமுறை. கார்பன் டேங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆயுளே 15 வருடம். அதன் பிறகு சோதனையும் கிடையாது, காற்றும் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் இதெல்லாம் 2009-இன் அழுத்தக் கருவி விதிகளுக்குள் வருகிறது, அந்த விதிகள் 1993-இன் தொழிலிட உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் போட்டவை. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால், அந்த டேங்கில் உள்ள முத்திரையைப் போட்டோ எடுத்து, உங்கள் ஊர் சோதனை நிலையத்தில் காட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் காசு கொடுங்கள். அவர்கள் ஏற்காத முத்திரை என்றால், புதிய டேங்காக இருந்தாலும் முதல் சோதனைத் தேதியோடு அதன் கதை முடிந்துவிடும்.

பழைய டேங்க் வாங்குவதில் தவறில்லை. அலுமினியத்தில் தேதி சரியாக இருந்து, பள்ளமோ ஆழமான கீறலோ இல்லாவிட்டால் தாராளமாக வாங்கலாம். ஆனால் வெளியே புதிதாகப் பெயின்ட் அடித்து முத்திரை மறைந்திருந்தால் வேண்டாம். சூடேற்றிப் பூசும் பவுடர் பூச்சு என்றால் நிச்சயமாக வேண்டாம், அந்தச் சூட்டில் அலுமினியத்தின் வலுவே போய்விடும். கார்பனில் நகத்தால் தடவிப் பாருங்கள். நார் அறுந்து பிரிந்து நின்றால் பேரமே பேசாதீர்கள். ஒருமுறை விற்க வந்தவர் ரப்பர் உறையைக் கழற்ற மறுத்தார், "உள்ளே நல்லாத்தான் இருக்கு அண்ணா" என்றார். கழற்றிப் பார்க்க முடியாத டேங்கை நான் வாங்குவதில்லை. அக்கா மகனுக்கு முகம் வாடிவிட்டது, இருந்தாலும் திரும்பி வந்துவிட்டோம். அழுத்தம் காட்டும் கேஜ் வேலை செய்கிறதா, ரெகுலேட்டரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வருகிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடலாம். ரெகுலேட்டரில் நாணயம் போல இரண்டு சின்னத் தகடுகள் திருகுக்குள் இருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் அவை உடைந்து காற்றை வெளியே விடும். உடைந்தால் அதே அளவுத் தகடுதான் போட வேண்டும். தடிமனானதைப் போட்டு அடைத்து விற்கிறவர்களிடம் ஜாக்கிரதை.

வாங்கிய பிறகு காற்றடிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். மெதுவாக, கேஜ் முள் ஊர்ந்து ஏறுகிற மாதிரி ஏற்றுங்கள். அவசரமாக ஏற்றினால் உள்ளே காற்று சூடாகும். 50 டிகிரி சூட்டில் 3000 காட்டும் டேங்க், 20 டிகிரிக்கு ஆறியதும் 2700-க்கு வந்து நிற்கும். கசிகிறது என்று பையன்கள் ரெகுலேட்டரைக் குடைய ஆரம்பிப்பது இந்த நேரத்தில்தான். கார்பன் டேங்குக்கு அந்தச் சூடும் நல்லதில்லை.

எண்ணெயைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சில துப்பாக்கிகளின் கையேட்டில் சில சொட்டு எண்ணெய் விடச் சொல்லியிருக்கும். அது துப்பாக்கிக்கு. டேங்கின் நிப்பிளிலோ நிரப்பும் குழாயிலோ ஒரு துளி எண்ணெய், கிரீஸ் படக் கூடாது. உயர் அழுத்தக் காற்று திடீரென்று பாயும்போது அங்கே உண்டாகும் சூட்டில் எண்ணெய் தீப்பிடிக்கும். டீசல் இன்ஜினில் தீ பிடிப்பதும் இதே விதத்தில்தான். கப்பலில் வேலை செய்கிற எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் பைக் சங்கிலிக்கு எண்ணெய் விட்ட கையோடு வந்து நிற்கும் பதினேழு வயதுப் பையனுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். நிப்பிளுக்கு ஒரு ரப்பர் மூடி போட்டுவிட்டால் மண்ணும் சேராது.

கழற்றும்போது டேங்க் முழுவதும் ரெகுலேட்டரோடு சேர்ந்து சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டே திருகுங்கள். ரெகுலேட்டர் துப்பாக்கியிலேயே நின்று, டேங்க் மட்டும் அதிலிருந்து கழன்றால் அது ராக்கெட்டாகப் பறக்கும். அமெரிக்காவில் கார்பன் டை ஆக்சைடு டேங்கின் வால்வு இப்படிப் பிரிந்து உயிரே போயிருக்கிறது. எங்கள் டேங்குகள் எல்லாவற்றிலும் டேங்கையும் ரெகுலேட்டரையும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கிறோம். கோடு விலகியிருந்தால் அன்றைக்கு அந்த டேங்க் ஆட்டத்தில் கிடையாது, சோதனை நிலையத்துக்குத்தான் போகும். கழற்றிய பிறகும் துப்பாக்கிக்குள் கொஞ்சம் காற்று நிற்கும். குழல் உறையைப் போட்டு, தரையைப் பார்த்துச் சுட்டு அதையும் வெளியேற்றிவிட வேண்டும்.

அக்கா மகன் கடைசியில் வாங்கியது 48/3000 அலுமினியம், 850 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டரோடு. அவன் கண் முழுக்க 68/4500 கார்பன் மேல்தான் இருந்தது. டைவிங் சிலிண்டரிலிருந்து நிரப்பினாலும் அதில் 600 தடவை வரை சுடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினான், கணக்கு சரிதான். ஆனால் அவன் மாதத்துக்கு ஒரு ஆட்டம் போகிறவன், எங்களிடம் இருப்பது 200 பார் சிலிண்டர், 15 வருடத்தில் தூக்கிப்போட வேண்டிய டேங்குக்கு அவ்வளவு பணம் இப்போது தேவையில்லை என்றேன். மிச்சமான காசில் நல்ல நிரப்புக் குழாயும் கண்ணாடி முகமூடியும் வாங்கினோம். அவன் நண்பன் ஒருவன் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலைக்குப் போய், 4500 வரை ஏற்றித் தரும் கம்பிரஸர் உள்ள மைதானத்தில் வாரா வாரம் விளையாடுகிறான். அவனை 68/4500 வாங்கச் சொன்னதும் நான்தான். டேங்கை விமானத்தில் கொண்டுபோவதானால் முழுக்கக் காலி செய்துவிட்டு, விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள் என்றும் சொல்லி அனுப்பினேன். கையோடு ஒரு பொட்டலம் 015 அளவு பாலியூரித்தேன் ஓ-ரிங்கும் கொடுத்தேன். மைதானத்தில் டேங்க் கசிகிறது என்று வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது அந்த ஒரு வளையம்தான்.